கரிக்கோட்டிலிருந்து கைப்பேசி வரை: எங்கள் வீட்டுக் கணக்கின் வரலாறு



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் அக்கா கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும், நான் பத்தாவதுதானே" என்றேன். "நீ வீடு சரி பண்ணப்போ கணக்கு எழுதினியே, அதை எழுது" என்றார். அதைப் பற்றி யோசித்துப் பார்த்தால், அது என் கணக்கில் ஆரம்பிக்கவில்லை. எங்க அத்தை, அதாவது என் மாமியார் காலத்துக்கும், அதற்கும் முன்னாலும் போகுது. அதனால் கணக்கின் வரலாற்றையே எனக்குத் தெரிந்த அளவு எழுதுகிறேன்.

சுவரில் போட்ட கோடு

எங்கள் வீடு ஓட்டு வீடு. பின்பக்கம் சமையல்கட்டு மட்டும் ரொம்ப நாள் கூரையாக இருந்தது. அந்த சமையல்கட்டுச் சுவரில்தான் எங்க அத்தை கணக்கு வைத்திருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பால்காரருக்கு ஒரு ஆழாக்குக்கு ஒரு புள்ளி, வண்ணாருக்குப் போட்ட துணிக்கு ஒரு கோடு, எல்லாம் அடுப்புக் கரியில். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கோடுகளைப் பார்த்திருப்போம்.

1979-ல், என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்பு, மாமனார் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒருவரிடம் 2,000 ரூபாய் கடன் வாங்கினார். அறுவடைக்கு அறுவடை நெல் மூட்டையாகக் கடனை அடைத்தார்கள். ஒரு மூட்டை போனால் அத்தை சுவரில் ஒரு கோடு போடுவார். நாலு வருஷம் கழித்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது கடன் கொடுத்தவர் தன் நோட்டை விரித்தார். அதில் பதினோரு மூட்டைதான் இருந்தது. அத்தை "இல்லைங்க, பத்தொன்பது மூட்டை, நான் கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றாராம். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ உன் சுவத்தைக் கொண்டாந்து காட்டு" என்று சொன்னாராம். வட்டிக்கு வட்டி போட்டு, கடைசியில் அரை ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

எங்க அத்தை இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நிலம் போனதை விட அந்தச் சிரிப்புதான் அவருக்கு மறக்கவில்லை. கோடு பொய் இல்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியவில்லை.

கல்லில் வெட்டிய கணக்கு

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் போகிற தூரம்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறை அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாமும் படித்ததுதான். ஆனால் புத்தகத்தில் படித்தபோது எனக்கு நெஞ்சில் நிற்காத ஒன்று, நேரில் போனபோது அங்கிருந்தவர் விளக்கியதும் நின்றது. வாரியத்தில் நிற்பவருக்குச் சொந்த மனையில் வீடு இருக்கணும். வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும். ஏற்கனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது!

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கணக்குக் காட்டாதது அவ்வளவு பெரிய குற்றம். ஆனால் ஒன்று. அந்தக் குடத்தில் பெண்கள் பேர் கிடையாது. கணக்குக் கேட்கும் இடத்திலும் இல்லை, கொடுக்கும் இடத்திலும் இல்லை.

அதற்குப் பிறகும் கணக்கு ஆண்கள் கையில்தான் இருந்தது. திண்ணைப் பள்ளியில் முந்திரி, காணி, மா என்று பின்னங்களை மனப்பாடம் பண்ணினார்கள். 320-ல் ஒரு பங்குதான் முந்திரி. அவ்வளவு சின்னப் பங்குக்கும் பேர் வைத்த ஊர் நம்ம ஊர். வரவு, பற்று, பேரேடு, ஐந்தொகை என்று இன்னைக்கு நம் குழுவில் சொல்கிற வார்த்தைகள் எல்லாம் நம் வியாபாரிகள் பரம்பரையாக எழுதி வந்த கணக்கிலிருந்து வந்தவை. கிராமத்து நிலக் கணக்கு கர்ணம் கையில் இருந்தது. 1980-ல் அந்தப் பரம்பரைப் பதவியை அரசு ஒழித்தது. அப்புறம்தான் பரீட்சை எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அத்தை கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்த அதே காலம்தான் இது.

பேனா நம் கைக்கு வந்தது

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதல் சுய உதவிக் குழுக்கள் வந்தன. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

எல்லாரும் இதைச் சேமிப்பின் வரலாறு, கடனின் வரலாறு என்று சொல்வார்கள். எனக்கு இது நோட்டின் வரலாறு. குழுவுக்கு வந்த முதல் நாளே நமக்கு என்ன கொடுத்தார்கள்? தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பேரேடு, ஆளுக்கு ஒரு பாஸ் புத்தகம். பஞ்ச சூத்திரத்தில் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல் நாலும் சொல்லி, ஐந்தாவதாகக் கணக்கு எழுதுவதையும் வைத்தார்கள். மற்ற நாலும் நடந்தது என்பதற்குச் சாட்சியே அந்த ஐந்தாவதுதான்.

நான் கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷம் குழுவில் சேர்ந்தேன். பத்தாவது படித்திருக்கிறாள் என்று கணக்கு எழுத என்னை உட்கார வைத்தார்கள். முதல் மாசம் கூட்டல் தப்பாகி 40 ரூபாய் இடித்தது. ராத்திரி பதினோரு மணி வரை தேடினேன். ஒருவருடைய சேமிப்பை உள்கடன் வசூலில் எழுதியிருந்தேன். அன்றைக்குப் பயிற்சி கொடுத்த மேடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பணம் எங்கேயும் மறையாதும்மா. ஒரு இடத்துல குறைஞ்சா இன்னொரு இடத்துல கூடியிருக்கும். ரெண்டு இடத்தையும் எழுது."

இந்த இரட்டைப் பதிவு முறையை 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பச்சோலி என்ற துறவி புத்தகமாக அச்சிட்டார் என்று பி.காம். படிக்கும் என் அக்கா மகள் பிறகு சொன்னாள். அவர் கண்டுபிடித்தது இல்லையாம், அங்கே வியாபாரிகள் ஏற்கனவே எழுதி வந்ததுதானாம். எழுதி அச்சில் போட்டதால் ஊரெல்லாம் பரவியது.

வீட்டு வேலை ஆரம்பித்தது

2021 நவம்பர் மழை நம்ம பக்கம் எப்படிப் பெய்தது என்று உங்களுக்கே தெரியும். சமையல்கட்டுக் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. தை பிறந்ததும் வேலை ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்தோம். சமையல்கட்டுக்குத் தளம், ஒரு கழிப்பறை, கரண்ட் வேலை, முன் அறைக்கு டைல்ஸ். மேஸ்திரி வாய்க்கணக்காக "ரெண்டு லட்சத்துல முடிச்சிடலாம்" என்றார்.

பணம் இப்படி வந்தது. எங்கள் சேமிப்பு 45,000. குழு உள்கடன் 30,000. வங்கிக் கடனில் என் பங்கு 60,000. நகை வைத்து 40,000. கொழுந்தனார் கைமாற்றாகக் கொடுத்தது 25,000. மொத்தம் 2,00,000.

குழுக் கணக்கு எழுதுகிறவள் வீட்டுக் கணக்கு எழுதாமல் இருந்தால் நல்லா இருக்காது என்று ஒரு நோட்டு போட்டேன். ஒரு வாரத்தில் நோட்டில் சிமெண்ட் கறை, பில் பாதி காணோம். பாதிப் பணம் என் வீட்டுக்காரர் போனில் அனுப்புகிறார், பாதி நான் கையில் கொடுக்கிறேன். அக்கா மகள்தான் என் கைப்பேசியில் செலவு எழுதும் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். காசு கட்ட வேண்டாம். சிமெண்ட், கம்பி, மணல், கூலி என்று தலைப்பு வைத்துக்கொள்ளலாம். கையிருப்பு தனி, வங்கி தனி. பில்லைப் போட்டோ எடுத்து அந்தந்தச் செலவோடு சேர்த்து வைக்கலாம்.

"இதெல்லாம் யாருடி கண்டுபிடிச்சது?" என்று கேட்டேன். அவள் பாடத்தில் இருந்ததைச் சொன்னாள். 1979-ல் அமெரிக்காவில் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இரண்டு பேர் விசிகால்க் என்று ஒன்று செய்தார்கள். கட்டம் கட்டமாக எண் போட்டால் கம்ப்யூட்டரே கூட்டிக் கொடுக்கும். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய எக்ஸெல். 1979 என்றதும் எனக்கு அத்தையின் கடன்தான் ஞாபகம் வந்தது. 1983-ல் ஸ்காட் குக் என்பவர் தன் மனைவி வீட்டு பில்களைக் கட்டிக் கணக்குப் பார்ப்பதில் சலித்துக்கொண்டதைப் பார்த்து வீட்டுக் கணக்கு மென்பொருள் செய்ய நினைத்தாராம். அதுதான் குவிக்கன். நம் நாட்டில் 1986-ல் பெங்களூரில் பரத் கோயங்கா தன் அப்பாவின் வியாபாரக் கணக்குக்காக எழுதிய மென்பொருள்தான் பிறகு டேலி ஆனது. நம்ம கடைத்தெருவில் பில் போடும் பெண்கள் நிறையப் பேர் அதில்தான் வேலை பார்க்கிறார்கள். 2015-ல் நபார்டு இ-சக்தி என்று குழுக் கணக்கையே கணினியில் ஏற்ற ஆரம்பித்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. என் கைக்கு வந்த செயலிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி, ஒரு வீட்டுப் பெண்ணின் சலிப்பில் ஆரம்பித்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் செய்த பெரிய தப்பு

செயலி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. நாம் தப்பாக எழுதினால் அதுவும் தப்பாகத்தான் கூட்டும்.

நான் எழுதிய முதல் பதிவே தப்பு. வந்த பணம் 2,00,000-ஐயும் "வரவு" என்று போட்டுவிட்டேன். சுவர் எழும்பி முடிந்தபோது செலவு 1,12,000 ஆகியிருந்தது. செயலி பச்சை எழுத்தில் "மீதி 88,000" என்று காட்டியது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இவ்ளோ மிச்சம் இருக்கே, வாசலுக்கு கிரில் கேட் சொல்லிடலாம்" என்றார். எனக்கும் ஆசைதான். கேட்காரருக்கு முன்பணம் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை என்று நாள் பார்த்தோம்.

சனிக்கிழமை அக்கா மகள் வந்தாள். போனைப் பார்த்துவிட்டு, "சித்தி, இதுல கடன் எவ்வளவு?" என்றாள். கூட்டிப் பார்த்தேன், 1,55,000. "அப்போ உங்க வரவு 45,000 மட்டும்தான். அது எப்பவோ தீர்ந்து போச்சு. 67,000 ரூபாய்க்குக் கடன்ல சுவர் கட்டியாச்சு. மிச்சம்னு காட்டறதும் கடன்தான்" என்றாள். குழுவில் ஒருவருக்குக் கடன் கொடுத்தால் அது அவருக்கு வருமானம் என்று நாம் எழுதுவோமா? அவர் பேரில் பாக்கி என்றுதானே எழுதுவோம்? ஊருக்கு எழுதிய எனக்கு என் வீட்டுக்கு அது தோன்றவில்லை.

அன்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து, இனி ஆக வேண்டிய வேலையைத் தலைப்பு தலைப்பாக எழுதினோம். சென்ட்ரிங், தளத்துக்கு ஜல்லி, கூலி, கரண்ட், பைப், டைல்ஸ். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் வந்தது. கையில் 88,000. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவரே, "கேட் வேணாம். டைல்ஸும் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஒரு ராத்திரி அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருந்திருந்தால், வாசலில் கேட் நின்றிருக்கும், சமையல்கட்டு மேலே தளம் இல்லாமல் ஆடி மழை வந்திருக்கும்.

மேஸ்திரியின் சின்ன நோட்டு

வேலை முடிகிற நேரம் கூலிக் கணக்கில் தகராறு வந்தது. என் செயலியில் மேஸ்திரிக்குக் கொடுத்தது 74,400. அவர் சட்டைப் பையில் வைத்திருந்த சின்ன நோட்டில் 69,400. ஐயாயிரம் வித்தியாசம். அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, நான் வாங்கிட்டு இல்லைன்னு சொல்றேனா?" என்றார். சித்தாள் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு அப்போது அத்தையின் சுவர் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை பெரிய நோட்டு என் கையில் இருந்தது. நானும் சிரித்திருக்கலாம். "அண்ணா, நீங்களும் உக்காருங்க, தேதி தேதியாப் பார்ப்போம்" என்றேன். அத்தை டீ போட்டுக் கொண்டு வந்தார். நான் ஒரு தேதி படிக்க, அவர் ஒரு தேதி படிக்க, ஒரு மணி நேரம் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் போனில் அனுப்பிய 3,000-ஐ நான் ரொக்கம் என்று ஒரு தடவையும், வங்கி என்று ஒரு தடவையும் எழுதியிருந்தேன். என் தப்பு. மாசி மகத்துக்கு அவர் கேட்டு வாங்கிய 2,000-ஐ அவர் எழுத மறந்திருந்தார். அவர் தப்பு. இரண்டையும் சரி செய்தால் இரண்டு பக்கமும் 71,400.

மேஸ்திரி நோட்டை மூடிவிட்டு, "இனிமே நானும் அன்னன்னிக்கே எழுதணும்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். அப்போதிலிருந்து யாருக்குக் கூலி கொடுத்தாலும் அவர் எதிரிலேயே எழுதி, தொகையைப் படித்துக் காட்டுகிறேன்.

முடிவில் வந்த கணக்கு

ஆனி மாசம் வேலை முடிந்தது. உங்களில் யாராவது வீட்டு வேலை ஆரம்பிப்பதாக இருந்தால் உதவுமே என்று அப்படியே தருகிறேன். சிமெண்ட் 84 மூட்டை 35,280. கம்பி 450 கிலோ 34,200. எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் 41,500. கூலி 71,400. சென்ட்ரிங் 9,500. கரண்ட் சாமான், வேலை 14,600. பைப், கதவு 11,800. சில்லறை 18,720. மொத்தம் 2,37,000. கூடுதலாக ஆன 37,000-ல் 22,000 என் வீட்டுக்காரர் நாலு மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. 15,000 மறுபடி குழு உள்கடன்.

இதில் சில்லறையைப் பாருங்கள். டீ, வடை, இறக்குக் கூலி, லோடு ஆட்டோ, தண்ணி வண்டி, கட்டுக் கம்பி, ஆணி, தளம் போட்ட அன்று சாப்பாடு. மேஸ்திரியின் இரண்டு லட்சத்தில் இதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் கம்பிக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் இதற்கே போயிருக்கு. எழுதாமல் விட்டிருந்தால் "பணம் எங்க போச்சுன்னே தெரியல" என்று எல்லாரையும் போல நானும் சொல்லியிருப்பேன். வீட்டில் சண்டையும் வந்திருக்கும்.

கொழுந்தனாருக்கு முழுக் கணக்கையும் பில் போட்டோக்களோடு அனுப்பினேன். அவர் கேட்கவில்லை. இருந்தாலும் அனுப்பினேன். இப்போது வட்டியைத் தனித் தலைப்பில் எழுதி வருகிறேன். நகையைப் போன வருஷம் மீட்டாச்சு. முன் அறை டைல்ஸ் இன்னும் போடவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சமையல்கட்டில் ஒரு பழைய சுவரை இடிக்காமல் பூச்சு மட்டும் பூசச் சொல்லியிருந்தோம். பூசுவதற்காகப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினபோது அடியில் கருப்பாகக் கோடுகள் தெரிந்தன. அத்தையைக் கூப்பிட்டோம். அவர் வந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது இருந்தது. எல்லாரும் சும்மா நின்றோம். மேஸ்திரி, "விட்டுடட்டுமாம்மா?" என்று கேட்டார். அத்தை, "எதுக்குப்பா, பூசிடு. இப்பதான் என் மருமக எழுதறாளே" என்றார். பூசுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்தேன். சிமெண்ட் பில்களோடு அதுவும் என் போனில் இருக்கிறது.

சகோதரிகளே, வீட்டு வேலை ஆரம்பிக்கும்போது நான் கற்றுக்கொண்ட நாலைந்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடனை வரவில் எழுதாதீர்கள். சில்லறைக்கு முதலிலேயே ஒரு தலைப்பு போடுங்கள். கொடுத்த அன்றே, வாங்கினவர் எதிரிலேயே எழுதுங்கள். ஆன செலவை மட்டும் இல்லாமல், ஆக வேண்டிய செலவையும் பாதியில் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். நோட்டோ போனோ, உங்களுக்கு எது கைவருதோ அதில் எழுதுங்கள். போனில் எழுதினால் மாசம் ஒரு தடவை நகல் எடுத்து வையுங்கள். போன் தண்ணியில் விழுந்தால் கணக்கும் போய்விடும்.

என் கையில் பேனாவைக் கொடுத்து, 40 ரூபாய் இடித்தபோது திட்டாமல் சொல்லிக் கொடுத்த குழுவுக்கும் கூட்டமைப்புக்கும் நன்றி.